எரியாத கரடு

மாசி மாதம் இரண்டு நாள் நின்று எரிந்த வேட்டைக்காரன் கரடு, பங்குனி பத்தாம் தேதி வந்த அரசுக் கடிதத்தின்படி எரியவில்லை.

கடிதத்தை வாங்கிய மகுடேஸ்வரன் அதை இரண்டு முறை படித்தார். பிறகு வாசலில் இறங்கி நின்று கரட்டை, ஊர் தலைமேல் நிற்கும் அந்தச் சிறு பாறைக் குன்றை, அண்ணாந்து பார்த்தார். கருகிய வேல மரங்கள் குச்சி குச்சியாக நின்றன. தீயணைப்பு வண்டி புரண்ட பள்ளம் அப்படியே இருந்தது. கடிதத்தோடு இணைத்திருந்த வண்ணப் படத்தில் மட்டும் கரடு கரும்பச்சையாக இருந்தது. அடியில் ஒரு குறிப்பு: ‘செழிப்பான தாவரப் போர்வை. தீயின் தடயம் இல்லை. பாராட்டுகள்.’

நடந்ததை முறையாகச் சொல்லிவிடுகிறேன்.

மடத்துக்குளத்துக்குத் தெற்கே, கரட்டின் அடியில் பதினேழு வீடுகளும் ஓர் அங்கன்வாடியும் இருக்கின்றன. கரட்டிலிருந்து இறங்கும் ஓடை, அங்கன்வாடியின் பின்சுவரை நோக்கித்தான் வருகிறது. கட்டும்போது யாரும் அதை யோசிக்கவில்லை. ஓடையில் தண்ணீர் வந்து பல வருடம் ஆகியிருந்தது. இருந்த முட்புதரும் புல்லும் பெய்கிற மழையை மேலேயே குடித்துவிடும்.

தீ அணைந்த மறுநாள் மகுடேஸ்வரன் சரிவில் ஏறி, குடத்துத் தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றிப் பார்த்தார். மண் குடிக்கவில்லை. எண்ணெய் தடவிய தலையில் விழுந்த மாதிரி தண்ணீர் உருண்டு உருண்டு கீழே ஓடியது. எரிந்த வேரின் பிசின் மண்ணில் மெழுகாகப் படிந்துவிட்டிருந்தது. தென்னையும் மக்காச்சோளமும் வைத்து ஐம்பத்தெட்டு வயது வரை மண்ணோடு பழகிய மனிதர் அவர். சித்திரையில் ஒரு நல்ல கோடை மழை பெய்தால், சாம்பலும் கல்லுமாகக் கரடே இறங்கி அங்கன்வாடிக்குள் போய் உட்காரும் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. உள்ளே இருபத்து மூன்று குழந்தைகள்.

எரிந்த மண்ணைச் சோறு கொண்டுபோகும் தூக்குப்போசியில் போட்டுக்கொண்டு திருப்பூருக்குப் பஸ் ஏறினார்.

திருப்பூரில் மண் எரிவு மதிப்பீட்டு மண்டல மையம் என்று ஒன்று இருக்கிறது. காடு எரிந்தால், விண்ணில் சுற்றும் செயற்கைக்கோள் எடுக்கும் படத்தைப் பார்த்து, எந்த இடத்தில் மண் எவ்வளவு வெந்திருக்கிறது என்று நான்கு வண்ணங்களில் அவர்கள் வரைபடம் போடுவார்கள். கரும்பச்சை என்றால் ஒன்றும் ஆகவில்லை. சிவப்பு என்றால் மண் செத்துவிட்டது. சிவப்பு விழுந்த இடத்துக்கு மணல் மூட்டையும் புல் விதையும் ஆளும் பதினைந்தே நாளில் வந்து சேரும். நல்ல ஏற்பாடுதான். அதை யோசித்தவர் யாரோ அவரைக் கடவுள் நன்றாக வைக்கட்டும்.

வாசலில் காவலர் குமாரசாமி, பெரியவரின் வெயில் வாடிய முகத்தைப் பார்த்து முதலில் தண்ணீர் கொடுத்தார். அன்று அந்தக் கட்டடத்தில் யாரும் கேட்காமல் நடந்த ஒரே காரியம் அது.

உள்ளே படிவம் ஏழு கொடுத்தார்கள். ‘உங்கள் நிலம் எரிந்ததை எவ்வாறு அறிந்தீர்கள்? அ) செயற்கைக்கோள் படம். ஆ) வரைபடம். இ) பிற (ஏற்கப்படாது).’ மகுடேஸ்வரன் வெகுநேரம் யோசித்து, ‘இ’க்கு நேராக, ‘கால் சுட்டது’ என்று எழுதினார்.

மையத்தின் இயக்குநர் முனைவர் சண்முகவேல் நல்ல மரியாதைக்காரர். உட்காரச் சொன்னார். தூக்குப்போசியைத் திறக்க மட்டும் விடவில்லை.

“மண்ணைக் கொண்டு வந்திருக்கீங்க. உங்க ஆர்வத்தை மதிக்கிறேன். ஆனா மண்ணு ஆதாரம் ஆகாதுங்க.”

“மண்ணு எரிஞ்சுதான்னு பாக்கற ஆபீசுதானுங்களே இது?”

“ஆமாங்க. எண்ணூறு கிலோமீட்டர் உயரத்துல இருந்து பாக்கறோம். கிட்டப் போனா பார்வை கெட்டுப்போகும். ஒரு இடத்துல நின்னு பாக்கறவனுக்கு அந்த இடத்து மேல பாசம் வந்துடும். நான் இந்த வேலைக்கு வந்து பதினோரு வருஷம் ஆச்சு. ஒரு மலைக்குக்கூடப் போனதில்லை. அதனாலதான் எந்த மலையைப் பத்தியும் எனக்குப் பாரபட்சம் கிடையாது.”

“அப்ப எங்க கரட்ட எப்பங்க பாப்பீங்க?”

“அஞ்சு நாளைக்கு ஒருக்கா செயற்கைக்கோள் உங்களைத் தாண்டிப் போகுது. மேகம் மட்டும் இல்லாம பாத்துக்குங்க.”

மேகம் இல்லாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்போடு மகுடேஸ்வரன் ஊர் திரும்பினார்.

சும்மா இருக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுச் செல்லத்தாயிடம் சொன்னார். செல்லத்தாய் நாசரேத் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, பனியன் கம்பெனியில் இருபது வருடம் நின்று உழைத்து, இப்போது கம்பெனிகளில் வெட்டிக் கழித்த கட்டிங் வேஸ்ட் துணியை வாங்கித் தரம் பிரித்துக் கொடுக்கிறவர். இந்தப் பக்கத்தில் பனியன் துணி இல்லாமல் எந்தக் காரியமும் நடக்காது. வண்டி துடைக்க, தலையணை அடைக்க, வாழைக்கு முட்டுக் கட்ட, எல்லாவற்றுக்கும் அதுதான். தென்னைக்கு அடியில் பழைய துணியைப் பரப்பி நனைத்துவிட்டால் மூன்று நாள் ஈரம் நிற்கும். தோட்டக்காரர்கள் எல்லோரும் செய்வதுதான்.

“தென்னைக்குப் போடுறத கரட்டுக்குப் போட்டா என்ன அண்ணாச்சி?” என்றார் செல்லத்தாய்.

“ஆறு ஏக்கரா சரிவு தாயி. அத்தன துணிக்கு எங்க போறது?”

“கம்பெனிக்காரவுககிட்ட நான் கேக்கேன். சாயம் மாறிப்போன துணி எத்தனை ரோல் சும்மா கெடக்கு தெரியுமா? பிள்ளைக இருக்கிற எடம்னு சொன்னா எவரு இல்லைம்பாரு?”

எவரும் இல்லை என்று சொல்லவில்லை. மூன்று லாரி துணி வந்தது. குழந்தைகளின் சட்டைக்கென்று வாங்கி, சாயம் பிசகிப்போன ரோஸ் நிறத் துணிதான் பெரும்பகுதி. முயல் குட்டி அச்சடித்தது. ஞாயிற்றுக்கிழமை கம்பெனி விடுமுறை. தையல்காரர்களும், ஒடிசாவிலிருந்து வந்த பையன்களும், பதினேழு வீட்டுக்காரர்களும் சரிவில் ஏறினார்கள். மண்ணைக் கிளறிக் கொழுக்கட்டைப் புல் விதையைத் தூவினார்கள். அதன்மேல் துணியைக் குறுக்கு வாட்டில் விரித்து, முளை அடித்து, கல் வைத்தார்கள். மகுடேஸ்வரன் தன் போர் மோட்டாரிலிருந்து ஓஸ் இழுத்தார். தினமும் காலை ஒன்பது மணிக்குக் கரட்டை நனைப்பது ஊர் வழக்கமாகிவிட்டது. துணி நிற்காத ஒரே இடம் ஓடைப் பள்ளம். அதன் வாயை மணல் மூட்டை வைத்துத்தான் அடைக்க வேண்டும். அதற்குத்தான் மையத்தின் சிவப்புக்குக் காத்திருந்தார்கள்.

வந்தது கரும்பச்சை. கூடவே பாராட்டு.

மகுடேஸ்வரன் மறுபடி பஸ் ஏறினார். மையத்துக்குள் நுழையவே வழி தெரியவில்லை. தார் போட்ட முற்றம் முழுக்க வரிசை வரிசையாக மணல் மூட்டைகள். ஓர் ஆள் கூடையிலிருந்து தார்மேல் புல் விதை தூவிக்கொண்டிருந்தான். காவலர் குமாரசாமி மூட்டைகளுக்கு நடுவே ஒற்றைக் காலில் நின்றிருந்தார்.

“என்னங்க இது?”

“எங்க ஆபீசு எரிஞ்சு போச்சுங்க,” என்றார் குமாரசாமி.

அது உண்மையில் விளங்கிக்கொள்ளக்கூடியதுதான். முற்றத்தில் நாற்பது புங்க மரங்கள் இருந்தன. போன மாதம் மேலதிகாரிகளின் கார் நிறுத்த அவற்றை வெட்டிவிட்டுத் தார் போட்டார்கள். மையம் வரைபடம் போடும் முறை, தீக்கு முந்திய படத்தையும் பிந்திய படத்தையும் பக்கத்தில் வைத்துக் கழிப்பது. முந்திய படத்தில் நாற்பது மரம். பிந்திய படத்தில் கறுப்பு. மாவட்டத்திலேயே மிகக் கடுமையாக எரிந்த நிலம், மண் எரிவு மதிப்பீட்டு மையத்தின் முற்றம் என்று வந்துவிட்டது. சிவப்பு விழுந்தால் பதினைந்து நாளில் மூட்டை வர வேண்டும். எட்டே நாளில் வந்தது.

சண்முகவேல் கலங்கவில்லை. பணியாளர்களைக் கூட்டி அவர் பேசிக்கொண்டிருந்ததை மகுடேஸ்வரன் கதவருகே நின்று கேட்டார்.

“நண்பர்களே, எங்கே தீ பிடித்தது என்று சிலர் கேட்கிறீர்கள். நானும் அன்று இங்கேதான் இருந்தேன். எனக்கும் சுடவில்லை. ஆனால் சுடவில்லை என்பது என் தனிப்பட்ட அனுபவம். தரவு அப்படிச் சொல்லவில்லை. நாமே நம் தரவை நம்பாவிட்டால், மக்களை எப்படி நம்பச் சொல்வது? நாம் எரிந்திருக்கிறோம் என்பதைத் துணிச்சலோடு ஏற்றுக்கொள்வோம்.”

கைதட்டினார்கள். ஒருவர் ஆறுதலாக இயக்குநரின் கையைப் பிடித்தார்.

மகுடேஸ்வரன் கடிதத்தை நீட்டினார். “ஏனுங்க, எங்க கரடு நெசமாலுமே எரிஞ்சுதுங்க. ஓடை வாயில மூட்டை வெக்காட்டி மழைக்கு அங்கன்வாடி தாங்காதுங்க.”

“மேல்முறையீட்டுக்கு வழி இருக்குங்க. எங்க ஆள் வரைபடத்தை எடுத்துக்கிட்டு மலைக்கு வருவாங்க. மலை வரைபடத்தோட ஒத்துப்போகுதான்னு பாப்பாங்க.”

“ஒத்துப்போகலீன்னா?”

“மலைக்கு மூணு மாசம் அவகாசம் கொடுப்போம்,” என்றார் சண்முகவேல்.

வந்தது அக்ஷரா. மையத்தில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத பெண். கையில் கரும்பச்சைப் படம். எதிரே முயல் குட்டி அச்சடித்த ரோஸ் நிறக் கரடு. குனிந்து ஈரத் துணியைத் தொட்டுப் பார்த்தாள்.

“இது பருத்திதானுங்களா? தினமும் நனைக்கறீங்களா? எத்தனை மணிக்குங்க?”

“ஒம்பதுக்கு அம்மிணி. வெயில் ஏறறதுக்குள்ள.”

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். “செயற்கைக்கோள் பத்தே முக்காலுக்குத் தாண்டுதுங்க. வெயில்ல நம்ம கண்ணுக்குத் தெரியாத ஒளி ரெண்டு வகை இருக்கு. ஒண்ணைப் பச்சை இலை திருப்பி அனுப்பிச்சுடும், இன்னொண்ணை இலையில இருக்கற தண்ணி குடிச்சுக்கும். அத வெச்சுத்தான் செடி இருக்குதுன்னு கண்டுபிடிக்கறது. நனைஞ்ச பருத்தித் துணியும் அதே வேலையைச் செய்யுதுங்க. அதுக்கு இந்த முயல் குட்டியெல்லாம் தெரியாது. நல்ல செழிப்பான காடுன்னு நெனச்சுக்கும்.”

“அப்ப நாங்க செஞ்ச நல்லதுதான் எங்களக் கெடுத்துப்போட்டுதா?”

அக்ஷரா குரலைத் தாழ்த்தினாள். “ஒரு வழி இருக்குங்க. நான் சொன்னேன்னு வெளிய சொல்லாதீங்க. வர்ற வியாழக்கிழமை மறுபடி தாண்டுது. ஒரு நாளைக்கு மட்டும் துணியெல்லாம் சுருட்டி எடுத்துடுங்க. மண்ணு எரிஞ்சது அப்பட்டமாத் தெரியும். செவப்பு விழுந்துடும். மூட்டை வந்துடும்.”

புதன்கிழமை மாலை பதினேழு வீட்டுக்காரர்களும் சரிவில் நின்றார்கள். ஒரு நாள் தானே, சுருட்டிவிடலாம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றியது. மகுடேஸ்வரன் முதல் துணியின் ஓரத்தில் இருந்த கல்லை எடுத்துவிட்டு, மெதுவாகத் தூக்கினார்.

துணி வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தார். ‘பிர்’ரென்று மெல்லிய சத்தம். துணியின் கண்களுக்குள் நுழைந்து இரண்டு இலை விட்டிருந்த கொழுக்கட்டைப் புல், வேரோடு மேலே வந்தது. மயிரிழை போன்ற வெள்ளை வேர். அதன் நுனியில் கரிய மண், மூன்று வாரம் குடிக்க மறுத்த மண், ஈரமாக ஒட்டியிருந்தது.

அவர் துணியைத் திரும்பப் படுக்க வைத்தார். பிடுங்கிய புல்லை விரலால் உள்ளே குத்தி நட்டார்.

“புண்ணுக்குக் கட்டுப் போட்டிருக்குது. டாக்டரு ரோட்டுல போறப்ப பாக்கட்டும்னு அதைப் பிச்சுக் காட்டச் சொன்னா நான் காட்ட மாட்டனுங்க,” என்றார் எல்லோரையும் பார்த்து.

“அப்ப மூட்டைக்கு என்ன அண்ணாச்சி செய்யது?” என்று கேட்டார் செல்லத்தாய். “மேல இருந்து பாக்கிறவரு ஆண்டவரும்தான். ஆனா அவரு மனுசனாக் கீழ எறங்கி வந்தாருல்லா? இவுக எறங்க மாட்டாகளே.”

“அவிங்க எறங்க வேண்டாம் தாயி. நாம போவோம்.”

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே கரட்டை நனைத்தார்கள். பத்தே முக்காலுக்குச் செயற்கைக்கோள் தாண்டும்போது செல்லத்தாய் வானத்தைப் பார்த்துக் கையசைத்ததாகச் சொல்கிறார்கள். அதற்குள் மூன்று டிராக்டர்கள் உடுமலையைத் தாண்டியிருந்தன.

பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க, மையத்தின் வாசலில் டிராக்டர்கள் நின்றன. மகுடேஸ்வரன் நேராக இயக்குநரின் அறைக்குப் போனார்.

“மூட்டைய எடுத்துட்டுப் போறமுங்க. களவாப் போறோம்னு நெனச்சுடக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போக வந்தனுங்க.”

சண்முகவேல் எழுந்துவிட்டார். “அது சிவப்புப் பகுதிக்கு ஒதுக்கினதுங்க! பச்சைப் பகுதிக்காரங்க தொடக் கூடாது!”

“சரிங்க. செவப்புப் பகுதியில குடியிருக்கறவிங்க ஒருத்தரு வந்து, இந்த மூட்டை இல்லாட்டி எங்களுக்கு ஆபத்துன்னு சொல்லட்டும். ஒரு மூட்டை பாக்கி இல்லாம எறக்கி வெச்சுட்டுப் போயிடறமுங்க.”

இயக்குநர் சன்னல் வழியே பார்த்தார். சிவப்புப் பகுதியில் குடியிருக்கும் ஒரே ஆளான காவலர் குமாரசாமி முதல் மூட்டையை ஏற்கெனவே தோளில் தூக்கியிருந்தார். இரண்டு வாரமாகச் சாலையில் வண்டியை நிறுத்தி வெயிலில் நடந்து வந்த எழுத்தர்களும் தட்டச்சர்களும் வெளியே வந்தார்கள். ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்தார்கள். அக்ஷரா துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக்கொண்டு நின்றாள்.

“நான் இதை அனுமதிக்க முடியாது,” என்றார் சண்முகவேல்.

“அனுமதி கேக்கலீங்களே. சொல்லிட்டுத்தான் போக வந்தனுங்க,” என்றார் மகுடேஸ்வரன். கும்பிட்டுவிட்டு வெளியே போனார்.

இயக்குநர் அலமாரியைத் திறந்து தேடினார். தடுப்பதற்கான படிவம் இல்லை. எனவே தடுக்கவில்லை.

மறுநாள் ஓடையின் வாயில் மூன்று அடுக்கு மூட்டை ஏறியது.

சித்திரை பன்னிரண்டாம் தேதி மதியம் மழை வந்தது. அங்கன்வாடியில் குழந்தைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அரை மணி நேரம் வானம் கொட்டியது. ஊர் மொத்தமும் நனைந்துகொண்டே கரட்டைப் பார்த்து நின்றது. துணி உப்பியது, இரண்டு இடத்தில் கிழிந்தது. ஆனால் புல் பிடித்திருந்த மண் அசையவில்லை. ஓடையில் மட்டும் கறுப்பாக ஒரு வெள்ளம் இறங்கி வந்து மூட்டையில் மோதி, எகிறி, மூச்சு வாங்கி, பக்கவாட்டில் திரும்பி மகுடேஸ்வரனின் மக்காச்சோளத்துக்குள் போனது. கால் ஏக்கர் பயிர் சேற்றில் படுத்துவிட்டது. அவர் அதைப் பற்றி இன்று வரை பேசியதில்லை. அங்கன்வாடியில் குழந்தைகள் சாப்பிட்டு முடித்துக் கை கழுவினார்கள்.

வைகாசியில் கரடு முழுக்கப் புல். மையம் புதிய வரைபடம் போட்டது. கரும்பச்சை. பழைய வரைபடமும் கரும்பச்சை. இரண்டும் அச்சாக ஒத்துப்போனதால், தன் கணிப்பு நூற்றுக்கு நூறு சரி என்று மையம் அறிவித்துக்கொண்டது. அதைக் கொண்டாட, பதினோரு வருடத்தில் முதல் முறையாக இயக்குநர் சண்முகவேல் ஒரு மலைக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, மாலை, புகைப்படக்காரர், ஒரு பெரிய இரும்புப் பலகை. பலகையில் எழுதியிருந்தது: ‘எரியாத மாதிரிக் கரடு. மண் எரிவு மதிப்பீட்டு மையத்தின் பாதுகாப்பில்.’

பலகை நட முதல் குத்தை அவரே குத்த வேண்டும் என்று கடப்பாரையைக் கொடுத்தார்கள். ஓங்கிக் குத்தினார். புல்லுக்கு அடியில் ஒரு சாண் ஆழத்தில், மாசி மாதத்துத் தீ அப்படியே படுத்திருந்தது. கரியும் சாம்பலும் சேறுமாகச் சிதறி, வெள்ளைச் சட்டையிலும் முகத்திலும் அப்பியது.

புகைப்படக்காரர் ஒரு படம் எடுத்துவிட்டு, எடுத்ததற்கு வருந்தினார்.

“என்னங்க இது?” என்றார் சண்முகவேல்.

“எரிஞ்ச மண்ணுங்க,” என்றார் மகுடேஸ்வரன்.

“இது வரைபடத்தில் இல்லை.” முகத்தைத் துடைக்க வழி தெரியாமல் அவர் தன் ஆட்களைப் பார்த்தார். “குழியை மூடுங்க. வேற எடத்துல தோண்டலாம்.”

மகுடேஸ்வரன் கடப்பாரையை மெல்ல வாங்கிக்கொண்டார். “எங்க தோண்டினாலும் இதே கரிதானுங்க. நெசத்தப் பாக்கணும்னா சொல்லுங்க, கரடு மொத்தமும் நானே தோண்டிக் காட்டறன். இல்லீன்னா பலகைய எடுத்துட்டுப் போயிருங்க. இது எரிஞ்ச கரடு. எரிஞ்சு, பொழச்ச கரடு. பொய்யி எழுதி இங்க நட விடமாட்டமுங்க.”

பதினேழு வீட்டுக்காரர்களும் குழியைச் சுற்றி வந்து நின்றார்கள். பலகை தூக்கிய ஆள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, அதைத் திரும்பவும் வண்டியில் ஏற்றினான்.

செல்லத்தாய்க்கு மட்டும் மனசு கேட்கவில்லை. கண்ணில் கரி பட்டு ஒரு மனிதர் இமைக்க முடியாமல் நிற்கிறார். ஓடிப் போய், எஞ்சியிருந்த முயல் குட்டித் துணியில் ஒரு கை அளவு கிழித்து, ஓஸ் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து கொண்டு வந்தார்.

“கண்ண மூடிக்கிடுங்க சார், எரியும். நல்லாத் தொடச்சுக்கிடுங்க.” அவர் துடைத்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றார். பிறகு தோளில் போர்த்திக்கொள்ளும் அளவுக்கு இன்னொரு துண்டு கிழித்து, அதையும் நனைத்து நீட்டினார்.

“இதையும் வச்சுக்கிடுங்க சார். சட்டையில கரி இருக்கேன்னு வெசனப்படாதீக. ஈரத்தோட மேல போட்டுக்கிட்டா, உங்க ஆபீசுக்கு நீங்களும் பச்சையாத்தான் தெரிவீக.”